மர்தீனோவின் பியான்கோமாஞ்சாரே: சர்க்கரை இல்லாமல் செய்யலாமா?

கேள்வி:
15ஆம் நூற்றாண்டு இத்தாலிய விருந்தை வீட்டில் ஆறு பேருக்குச் சமைக்கப் போகிறேன். ஒத்திகையாக, அந்தக் கால இத்தாலியச் சமையல்காரர் மர்தீனோவின் பியான்கோமாஞ்சாரேயை (கோழியும் பாதாமும் அரைத்துச் செய்யும் வெள்ளை உணவு) ஞாயிற்றுக்கிழமை செய்தேன். வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி, தோல் உரித்த பாதாம், ரொட்டியின் வெள்ளைப் பகுதி, பச்சை இஞ்சி, எல்லாவற்றையும் மிக்ஸியில் போட்டு அரைத்தேன். கோழியில் சர்க்கரையா என்று தயங்கி அதை விட்டுவிட்டேன். பழுக்காத திராட்சைச் சாறு கிடைக்கவில்லை, அதுவும் இல்லை. கடைசியில் நார்நாராக, சப்பென்று ஒரு பசைதான் வந்தது. எங்கே தவறு?

பதில் 1:
விட்ட இரண்டும்தான் அதன் உயிர். இனிப்பும் புளிப்பும் மசாலாவும் ஒரே வாயில் வர வேண்டும் என்பதுதான் அன்றைய ருசி. சர்க்கரை அப்போது விலை உயர்ந்த பொருள், விருந்தில் அதைத் தாராளமாகப் போடுவதே பெருமை. மர்தீனோவின் மக்கரோனியில் கூட வெண்ணெய், சீஸ், இனிப்பு மசாலா மூன்றும் வரும். அதையும் இரண்டு மணி நேரம் வேகவிடச் சொல்கிறார்! இன்றைய நாக்குக்காக அதைத் திருத்தினால் இன்றைய சமையலைத்தான் சாப்பிடுவோம்.

அப்புறம், அவர் கேட்பது வெள்ளை இஞ்சி. பச்சை இஞ்சி வேண்டாம், சுக்குப் பொடி போடுங்கள். நார் போக, அரைத்த பிறகு கோழி வெந்த நீரை ஊற்றித் துணியில் வடிகட்டியே ஆக வேண்டும். அன்று உரலில் இடித்து இதைத்தான் செய்தார்கள். மிக்ஸி மட்டும் போதாது. புளிப்புக்கு எலுமிச்சை சிறிது போடலாம், ஆனால் திராட்சைச் சாற்றின் மென்மை அதில் வராது.

பதில் 2:
பரிமாறும் முறையையும் யோசியுங்கள். ஒரு நூற்றாண்டு தள்ளி, 1570இல் வெனிசில் அச்சான, ஸ்காப்பி என்ற சமையல்காரரின் நூலில், கிரெதென்சா எனும் பக்க மேசையிலிருந்து குளிர்ந்தவையும் அடுக்களையிலிருந்து சூடானவையும் மாறி மாறி வரும். ஆறு பேருக்கு இரண்டு சுற்று போதும். தக்காளி, மிளகாய் பக்கமே போகாதீர்கள். மர்தீனோ காலத்தில் இரண்டும் அமெரிக்காவில்தான் இருந்தன.

கேட்டவர்:
நன்றி. பழக்கடைக்காரர் காயாக இருந்த பச்சைத் திராட்சைக் கொத்துகளை ஒதுக்கித் தந்தார். பிழிந்து ஊற்றி, சர்க்கரையும் சுக்கும் சேர்த்து, இரண்டு முறை வடிகட்டினேன். பாலாடை போல வழுவழுப்பாக வந்தது. ஒரு பாதியில் முட்டை மஞ்சள் கருவும் குங்குமப்பூவும் கலந்து மஞ்சளாக்கினேன். அம்மா மஞ்சள் பக்கத்தை முழுக்கச் சாப்பிட்டுவிட்டார்.