எண்ட்கேம்: இறுதியாட்டமா, உச்சியாட்டமா?

ரா. எழுதியது:

வணக்கம்.

இணையப் பாத்திர விளையாட்டுகளைத் தமிழாக்க நாம் தொகுக்கும் சொற்பட்டியலில் லெவலிங் (பாத்திரத்தின் நிலையை ஒவ்வொன்றாக ஏற்றுவது), எண்ட்கேம் (உச்ச நிலையைத் தொட்ட பிறகும் தொடரும் ஆட்டம்) இரண்டும் இன்னும் இழுபறியில் கிடக்கின்றன. இப்போதுள்ள வரைவில் ஒன்று ‘நிலை உயர்த்தல்’, மற்றது ‘இறுதியாட்டம்’. முதலாவதைப் பிறகு பார்க்கலாம். இரண்டாவது தப்பு.

அந்தச் சொல்லைச் சதுரங்கக்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டார்கள். காய்கள் வெட்டுப்பட்டு, ராஜாவும் நாலு சிப்பாயும் மிஞ்சி நிற்கும் கட்டம் அது. ‘இறுதி’ அங்கே பொருந்தும். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2004 நவம்பரில் வெளிவந்தபோது உச்ச நிலை 60. அதைத் தொட்டதும் எதுவும் முடிந்துவிடவில்லை. நாற்பது பேரைத் திரட்டிக்கொண்டு மோல்டன் கோர் என்ற எரிமலைக் குகைக்குள் போக வேண்டும், பத்துத் தலைவர்களை, அதாவது பெரிய எதிரிகளை, வீழ்த்த வேண்டும், விழுகிற சில பொருட்களை நாற்பது பேருக்குள் பங்கிட வேண்டும். வாரம் ஒருமுறைதான் என்று போட்ட பூட்டு அடுத்த வாரம் விலகியதும் மறுபடி முதலிலிருந்து. ஒரு கவசத் தொகுதிக்கு எட்டு உருப்படி. அதில் தலைக்கவசம் கார் என்ற தலைவனிடம்தான் கிடைக்கும். அவன் இந்த வாரம் போடுவது உங்கள் வகுப்புக்கு (போர்வீரர், மந்திரவாதி போன்ற பாத்திர வகைக்கு) உரியதாக இருக்க வேண்டும், அதே வகுப்பில் உள்ள மற்றவர்கள் உங்களுக்கு விட்டுத்தரவும் வேண்டும். மாதக்கணக்கில் ஓடும் இந்தச் சங்கதிக்கு ‘இறுதி’ என்று பெயர் வைத்தால், படிப்பவர் இறுதிப்போட்டி என்றே எடுத்துக்கொள்வார்.

என் முன்மொழிவு: உச்சியாட்டம். எழுத்து இரண்டுக்கும் ஏழுதான், பொத்தான் அகலம் மாறாது.

* * *

ம. எழுதியது:

> முதலாவதைப் பிறகு பார்க்கலாம்

பிறகு என்று தள்ளினால் சிக்கலாகும் ஐயா. இரண்டும் ஜோடிச் சொற்கள். ‘உயர்த்தல்’ என்றாலே செய்து தொலைக்க வேண்டிய வேலை மாதிரி ஒலிக்கிறது. உச்சிக்குப் போவதையே பொருட்படுத்தாமல், போகிற வழியை ஆடுவதற்காக வருகிறவர்கள் ஏராளம். சொல்லிலேயே அவர்களைத் தள்ளிவைக்கக் கூடாது.

இன்னொன்று: ஆங்கிலத்தில் லெவலிங் இரண்டு பொருளைச் சுமக்கிறது. 12-லிருந்து 13-க்குப் போவது ஒரு செயல். 1 முதல் 60 வரை உள்ள முழு நீளம் ஒரு பருவம். செயலுக்கு ‘நிலையேற்றம்’ போதும். பருவத்துக்குத் தனிச்சொல் வேண்டும். ‘ஏறுமுகம்’ என்று வைக்கலாம் என்பது என் எண்ணம்.

ஏன் தனிச்சொல் என்றால், கணக்கைப் பாருங்கள். பழைய வார்கிராஃப்டில் உங்கள் நிலையிலேயே உள்ள எதிரியைக் கொன்றால் கிடைக்கும் அனுபவப் புள்ளி, நிலையை 5-ஆல் பெருக்கி 45 கூட்டியது. முதல் நிலையில் 50. இரண்டாம் நிலைக்குத் தேவை 400, அதாவது எட்டுக் கொலை. 59-ஆம் நிலையில் ஒரு கொலைக்கு 340. 60-க்குத் தேவை 2,09,800. கிட்டத்தட்ட 617 கொலை. செயல் ஒன்றே, கால அளவு முற்றிலும் வேறு. வெறும் கொலையால் யாரும் ஏறுவதில்லை, பணிகள்தான் (குவெஸ்ட்) தூக்கிவிடுகின்றன. தன் நிலைக்குரிய பணிகளை ஒரு வட்டாரத்தில் முடித்துவிட்டு அடுத்த வட்டாரத்தைத் தேடாமல் அங்கேயே நின்றால் எதிரிகளின் நிலை எண் சாம்பல் நிறமாகும். சாம்பலுக்குப் புள்ளி பூஜ்யம். புதியவர் மாட்டிக்கொள்ளும் இடம் இது: அடிக்கிறார், அடிக்கிறார், புள்ளிப் பட்டை நகர்வதே இல்லை.

பெயர் எவ்வளவு முக்கியம் என்பதற்கு அதே விளையாட்டில் ஒரு சான்று இருக்கிறது. சோதனைக் காலத்தில், நீண்ட நேரம் ஆடினால் களைப்பு வந்து அனுபவப் புள்ளி பாதியாகும் என்று விதி வைத்தார்கள். ஆட்டக்காரர்கள் கொதித்துப்போனார்கள். ஏறும் வேகத்தில் கைவைக்காமல் பெயரை மாற்றினார்கள்: பாதியாக இருந்தது ‘வழக்கம்’ ஆயிற்று, முழுதாக இருந்தது ‘ஓய்வு ஊக்கம்’, அதாவது இரட்டிப்பு. சத்தம் அடங்கிவிட்டது. இன்றும் விடுதிக்குள் நின்று ஆட்டத்திலிருந்து வெளியேறினால் எட்டு மணி நேரத்துக்கு ஒரு நிலையில் 5 விழுக்காடு அளவு ஓய்வு ஊக்கம் சேரும், ஒன்றரை நிலை வரைதான் சேரும். காலித் தொட்டி நிறையப் பத்து நாள். காட்டில் வெளியேறினால் நாலு மடங்கு மெதுவாகச் சேரும்.

* * *

ஈ. எழுதியது:

‘நிலை’ என்ற அடிச்சொல்லையே ஒருமுறை கேள்வி கேட்கலாமா? கணினித் தமிழில் ‘நிலைப்பட்டி’ என்று ஸ்டேட்டஸுக்கு ‘நிலை’ ஏற்கெனவே போய்விட்டது. இந்த விளையாட்டுகளில் நஞ்சேறுதல், உறைதல், மயங்குதல் எல்லாம் ஸ்டேட்டஸ் வகையில் வரும். இலங்கையில் தேசிய மட்டம், மாவட்ட மட்டப் போட்டி என்றுதான் லெவலைச் சொல்வோம். ‘மட்டம் 60’ என்றால் இங்கே யாருக்கும் தடங்கல் இல்லை.

* * *

ரா.:

ஈ., இலங்கையில் அது இயல்பான சொல், மறுக்கவில்லை. தமிழ்நாட்டில் ‘மட்டமான ஆட்டக்காரர்’ என்றால் சண்டை வரும். ‘மட்டம் போட்டார்’ என்றால் வகுப்புக்கு வரவில்லை என்று பொருள். ‘தரம்’ என்று போகலாமா என்றால், க.பொ.த. உயர்தரம் என்ற பள்ளித் தேர்வு உங்களுக்குப் பழக்கம், ஆனால் வாளின் தரம், கவசத்தின் தரம் என்று அந்தச் சொல் பொருட்பெட்டியில் உட்கார்ந்துவிட்டது. ‘படி’ நல்ல சொல்தான். ‘படி 12’ என்று பொத்தானில் வந்தால் பன்னிரண்டாவதைப் படிக்கச் சொல்கிறதா, ஏறச் சொல்கிறதா, நகலா என்று தெரியாது.

நஞ்சு, மயக்கம் வகைக்குப் ‘பாதிப்பு’ என்று வைத்துவிட்டால் ‘நிலை’ நமக்குக் கிடைத்துவிடுகிறது. பெயர்ப்பலகையில் சுருக்கம் ‘நி60’. முழு வாக்கியத்தில் எண்ணுக்குப் பின்னால் வேற்றுமை உருபு ஒட்டுகிற மாதிரி எழுதாதீர்கள். ‘60-ஆம் நிலையை எட்டினீர்கள்’ என்று ‘ஆம்’ போட்டு நிறுத்தினால் எந்த எண் வந்து உட்கார்ந்தாலும் வாக்கியம் உடையாது.

* * *

த. எழுதியது:

உச்சியாட்டம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ‘உச்ச’ என்று தொடங்கும் மற்ற பரிந்துரைகளை இப்போதே குப்பையில் போட்டுவிடுங்கள். வரைவின் பின்குறிப்பில் ‘உச்சாட்டம்’ என்று ஒன்று இருக்கிறது. சின்னப் பிள்ளை வைத்திருக்கும் எந்த வீட்டிலும் அதை உரக்கப் படிக்க முடியாது. ‘உச்சகட்டம்’ திரைப்பட விளம்பரம். ‘கடைநிலை ஆட்டம்’ என்று எழுதியவர் கடைநிலை ஊழியரை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். பொருள் நேர் எதிர்.

லெவல் கேப்புக்கு மட்டும் ‘உச்சவரம்பு’ கட்டாயம் வேண்டும். நில உச்சவரம்புச் சட்டம் வந்த நாளிலிருந்து, இதற்கு மேல் கிடையாது என்று சட்டம் போட்டு நிறுத்திய எல்லை என்ற பொருளில் ஊரறிந்த சொல். இதுவும் அப்படி நிறுவனம் போட்டு நிறுத்திய எல்லைதான், அவ்வப்போது தூக்கியும் விடுகிறார்கள்.

சொற்களைச் சில விளையாட்டுகளில் உரசிப் பார்ப்போம்.

வார்கிராஃப்ட் 2007-இல் வரம்பை 70 ஆக்கியது. அன்றுவரை உச்சியாட்டமாக இருந்த மோல்டன் கோர் ஒரே நாளில் வழியோர ஊர் ஆனது. புதிய பகுதியின் பணிகள் கொடுத்த சாதாரணக் கவசமே அங்கு பாடுபட்டு எடுத்ததில் பலவற்றுக்கு ஈடாக இருந்தது. ஆகவே உச்சியாட்டம் என்பது இடத்தின் பெயர் அல்ல, வரம்போடு அந்த இடத்துக்கு இப்போதுள்ள உறவின் பெயர். விளக்கக் குறிப்பில் இதை எழுத வேண்டும். வரம்பு 120 வரை வளர்ந்து, 2020-இல் 120 எல்லாம் 50 ஆகச் சுருக்கப்பட்டது. அதற்கு ‘நிலைச்சுருக்கம்’.

கில்ட் வார்ஸ் 2 இன்னொரு வழி. 2012-இல் 80 என்று வைத்தார்கள், பிறகு தொடவே இல்லை. தாழ்ந்த வட்டாரத்துக்குள் போனால் உங்கள் பலமும் அந்த அளவுக்குத் தாழும், அதனால் பழைய வட்டாரங்கள் செத்துப்போவதில்லை. ஏறுமுகம், உச்சியாட்டம் என்ற கோடு அங்கே மங்கலானது.

ஃபைனல் ஃபேண்டஸி 14-இல் ஏறுமுகம்தான் கதை. முக்கியக் கதைப்பணிகளைத் தாண்டாமல் அடுத்த விரிவுத் தொகுப்புக்குள் நுழைய முடியாது. ஒரே பாத்திரம் எல்லாத் தொழிலையும் கற்கலாம் என்பதால், ஒரு தொழிலில் உச்சிக்குப் போனவர் அடுத்ததில் மறுபடி கீழே நிற்பார். தாழ்ந்த நிலைக்குரிய டன்ஜனுக்குள் (சிறு குழுவாகப் போகும் குகைக்குள்) போனால் நிலையைக் குறைத்து உள்ளே விடும்; அதற்கு ‘நிலையிறக்கம்’ வைக்கலாம். இதில் அடிக்கடி கேட்கும் புகார்: இறக்கியதும் கற்ற திறன்களில் பாதி மங்கிப்போகும், பழகிய விசை வரிசை கைகொடுக்காது.

கடைசியாக ரூன்ஸ்கேப். இங்கேதான் நம் ஜோடி திணறும். ஒரு திறனில் 99-ஆம் நிலைக்கு 1,30,34,431 புள்ளி. 92-இல் நிற்பவர் சேர்த்திருப்பது 65,17,253. அதாவது 92-தான் பாதிவழி. மரம் வெட்டுவதிலும் மீன் பிடிப்பதிலும் மிச்ச ஏழு நிலைக்கு, முதல் 92-க்கு ஆன அளவு புள்ளி சேர்க்க வேண்டும். அந்த ஆட்டக்காரரிடம் உச்சியாட்டம் எப்போது என்று கேட்டால், ஏறுவதுதான் ஆட்டம் என்பார்.

* * *

ம.:

திணறவில்லை த., அதுதான் ‘ஏறுமுகம்’ என்பதன் பலம். தங்கம் விலை ஏறுமுகம் என்கிறோம், எங்கே முடியும் என்று யாரும் சொல்வதில்லை. சொல்லுக்குள் சேருமிடம் இல்லை. ‘ஆயத்தக் கட்டம்’, ‘தொடக்கப் பருவம்’ போன்றவற்றில் அது இருக்கிறது, அதனால்தான் அவை வேண்டாம்.

நிரந்தர மரண வழங்கிகளையும் (சர்வர்) சேர்த்துக்கொள்ளுங்கள். 2023-இல், பழைய வார்கிராஃப்டின் மறுவெளியீடான வார்கிராஃப்ட் கிளாசிக்கில் அதிகாரபூர்வமாகத் திறந்தார்கள். பாத்திரம் செத்தால் செத்ததுதான். அங்கே 20-ஆம் நிலையில் ஒரு குகைக்குள் நுழைவதே பெரிய முடிவு: திரும்பி வரும் வழியில் எதிரிகள் மறுபடி முளைத்திருப்பார்கள், ஓடினால் ஒன்றுக்கு நாலாகச் சேரும். ஏறுமுகத்தில் சலிப்பு என்பவர்கள் பெரும்பாலும் அதில் ஆபத்தே இல்லாமல் ஆக்கப்பட்ட விளையாட்டுகளை ஆடியவர்கள் என்பது என் கணிப்பு.

* * *

ஈ.:

ஒரு முரண். பொருட்பெட்டியை வரிசைப்படுத்தும்போது ‘ஏறுமுகம் / இறங்குமுகம்’ என்று சில செயலிகளில் வருகிறது.

அடுத்து, காசு கொடுத்து நேரடியாக 90-ஆம் நிலைக்குத் தாவும் வசதியை வார்கிராஃப்டில் 2014-இல் 60 டாலருக்கு விற்றார்கள். அதற்கும் சொல் வேண்டும். ஏறுமுகத்தை விலை கொடுத்துத் தவிர்ப்பவருக்கு வரும் தொல்லை: முப்பது விசைகள் ஒரே நேரத்தில் கைக்கு வரும், எதை எப்போது அழுத்துவது என்று தெரியாது. ஏறி வந்தவருக்கு அவை ஒவ்வொன்றாகக் கிடைத்திருக்கும்.

* * *

ரா.:

வரிசைக்கு ‘ஏறுவரிசை’ என்பதே நம் பட்டியலில் இருக்கிறது, அதை மாற்ற வேண்டாம். தாவலுக்கு ‘நிலைத்தாவல்’.

ஆனால் ஈ., ஏறி வந்தவருக்கும் எல்லாம் தெரிந்துவிடாது. தனியாக ஏறிய போர்வீரர் இருகை வாளோடு அறுபது நிலையும் கடந்திருப்பார். கேடயம் எடுத்து, எதிரியின் கவனத்தைத் தன்மேல் நிறுத்திவைக்கும் வேலை அவருக்கு ஐவர் குழுவில்தான் முதன்முதலாக வரும். எதிரி குணமாக்குபவர் பக்கம் திரும்பினால் சில நொடிகளில் ஐந்து பேரும் காலி. ஏறுமுகம் கற்றுக்கொடுப்பதும் உச்சியாட்டம் கேட்பதும் வேறு வேறு என்பதுதான் பல விளையாட்டுகளின் வடிவமைப்புக் கோளாறு. இரண்டுக்கும் பொதுவான அடிச்சொல் வைக்காமல் விட்டது இந்த வகையில் சரியே.

* * *

த.:

அப்படியானால் பதிவு இப்படிப் போகிறது:

நிலையேற்றம் – ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்குச் செல்லுதல். வினை: நிலையேறு.
ஏறுமுகம் – உச்சவரம்பை எட்டுவதற்கு முந்தைய ஆட்டம் முழுதும். வரம்பு பொருட்டில்லாத விளையாட்டுகளில் ஆட்டம் முழுதுமே.
உச்சவரம்பு – எட்டக்கூடிய மிக உயர்ந்த நிலை.
உச்சியாட்டம் – நடப்பு உச்சவரம்பில் உள்ளவர்களுக்கென அமைந்த ஆட்டம். வரம்பு உயர்ந்தால் பழையது இதிலிருந்து விலகும்.
நிலையிறக்கம், நிலைச்சுருக்கம், நிலைத்தாவல் – மேலே கண்டபடி.

ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும் கிரைண்டிங்குக்கு ‘அரைப்பு’ போட்டிருக்கிறேன். அரைத்த மாவையே அரைப்பது என்று தமிழில் ஏற்கெனவே திட்டுகிறோம், விளக்கமே தேவையில்லை.

மோல்டன் கோருக்குள் போவது போன்ற பெருங்கூட்டத் தாக்குதலான ரெய்டு பாக்கி. அப்படியே விட்டால் வருமான வரித்துறை நினைவுக்கு வருகிறது. ஒருவர் தனிமடலில் ‘உழிஞை’ என்று அனுப்பியிருக்கிறார். கோட்டையை முற்றுகையிடும் திணை, பொருள் கச்சிதம், ஆனால் பொத்தானில் பார்த்தால் யாரும் அழுத்த மாட்டார்கள். ‘முற்றுகை’ என்றே வைக்க யாருக்காவது மறுப்பு உண்டா?

* * *

ம.:

உண்டு. முற்றுகை என்றால் வெளியே நிற்பது. இவர்கள் உள்ளே போகிறார்கள். தனி இழை திறக்கிறேன்.