பழைய லண்டன் பூனைப் படங்களை ஹோல்ல மாட்டப் போறன், உப்புக் காத்துக்கு நிக்குமோ?

உப்புவெளிப்பிள்ளை:
எல்லாருக்கும் வணக்கம். எங்கட வீடு உப்புவெளியில கடலுக்குக் கிட்ட, அப்பப்பா கட்டினது, சுண்ணாம்புச் சாந்துச் சுவர். இப்பதான் பெயின்ற் அடிச்சு முடிஞ்சுது, ஹோல்ல ஒரு நீளச் சுவர் வெறுமையாக் கிடக்கு. அதில லண்டன் ஓவியர் லூயிஸ் வெய்ன் கீறின பூனைப் படங்களை மாட்ட எனக்குச் சரியான ஆசை. மனுசர் மாதிரிக் கோட்டுப் போட்டுக் கொண்டு, கோல்ஃப் விளையாடிக் கொண்டு, தேத்தண்ணிக் கோப்பையோட வட்டமா இருந்து ஊர்வம்பு கதைக்கிற பூனையள். அதில ஒண்டின்ர முழி எங்கட பெரியம்மா புதினம் கேக்கேக்க முழிக்கிற அதே முழி, பாக்கப் பாக்கச் சிரிப்பு வருது.

பிரச்சினை என்னண்டா, போன வருசம் ஒரு ஏ4 பிரிண்ட் எடுத்து விறாந்தையில மாட்டினனான். மார்கழி மழையோட கடதாசி கண்ணாடியில ஒட்டிக் கொண்டு, பூனைன்ர முகத்தில மிளகு தூவின மாதிரிக் கறுப்புப் புள்ளி வந்திட்டுது, கழட்டேக்க ஒரு காதும் கண்ணாடியோட போட்டுது. அழுகை வந்திட்டுது எனக்கு. மற்றது மாமி சொல்லுறா, வாசலால வாறவைக்கு முதல்ல பூனை முகமோ தெரிய வேணும், சகுனம் சரியில்லை எண்டு. என்ன செய்யலாம்?

மூண்டாம்கட்டை:
தங்கச்சி, படத்தில பிழையில்லை, பிறேமிலதான் பிழை. சாமிப்படத்துக்குப் பிறேம் போடுற மாதிரிக் கடதாசியைக் கண்ணாடியோட அமத்தி, பின்னால மெல்லிய ஹார்ட்போட் வச்சு ஆணி அடிச்சுத் தந்திருப்பினம். வாடைக் காத்துக்கு அந்த மட்டை ஈரத்தை உறிஞ்சி வளையும், கண்ணாடியில ஒட்டின இடத்தில பூஞ்சணம் பிடிக்கும். இந்த முறை படத்தைச் சுத்தி மவுண்ட் மட்டை, அதுதான் நடுவில வெட்டின தடிச்ச மட்டை, வைக்கச் சொல்லிக் கேளுங்கோ, அப்ப கண்ணாடிக்கும் கடதாசிக்கும் இடையில காத்து நிக்கும். பின்பக்கத்துக்கு பிளாஸ்டிக் மட்டை, சுத்திவர டேப். கீழ் ரெண்டு மூலையிலயும் போத்தல் தக்கையை மெல்லிசா வெட்டி ஒட்டிவிட்டா பிறேம் சுவரில முட்டாது. மழைக்காலத்தில எங்கட சுவரெல்லாம் வேர்க்கிறதுதானே, கனக்கப் பேர் கவனிக்காத இடம் அதுதான்.

இரும்பு ஆணி வேண்டாம், ஒரு வருசத்தில துரு வடிஞ்சு புதுப் பெயின்ற்ல கோடு விழும். ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ, அதுவும் ஓட்டைக்குள்ள றோல்பிளக் எண்ட பிளாஸ்டிக் குழாய் போட்டு, ஏனெண்டா சுண்ணாம்புச் சாந்தில சும்மா அடிச்சா பொலபொலவெண்டு கொட்டும். பிரிண்ட் எடுக்கேக்க பிக்மென்ட் இங்கோ எண்டு கேளுங்கோ, மற்ற இங்க் ஈரத்துக்குப் பரவும், வெயிலுக்கு வெளிறும். ஏ3 அளவுக்கு 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி எண்டா படம் 3508க்கு 4961 பிக்சல் இருக்க வேணும். போனில வாற சின்னப் படத்தைப் பெருப்பிச்சா மீசை எல்லாம் பஞ்சு மாதிரிப் போகும், வெய்ன்ர படத்தில மீசைதானே உயிர்.

பூனைக்காரி:
அக்கா உங்கட போஸ்டைப் பாத்துச் சந்தோசமாப் போச்சு, நானும் வெய்ன் பைத்தியம். உரிமைப் பிரச்சினை ஒண்டுமில்லை, அவர் 1939இல செத்தவர், 70 வருசம் கழிஞ்சிட்டுது, தாராளமாப் பிரிண்ட் எடுக்கலாம். எந்தப் படம் எண்டு தெரிவு செய்யிறதுக்கு அவர்ர கதையைத் தெரிஞ்சு வச்சால் நல்லம். அவர்ர மனிசி எமிலிக்கு மார்பகப் புற்றுநோய், கலியாணம் கட்டிக் கொஞ்சக் காலத்திலயே படுக்கையில விழுந்திட்டா. வீட்டுக்கு வந்து சேந்த பீட்டர் எண்ட கறுப்பு வெள்ளைப் பூனைதான் அவவுக்கு ஆறுதல், அவவைச் சிரிக்க வைக்கத்தான் இவர் பீட்டரைக் கீறிக் கீறிக் காட்டினவர். 1886 நத்தாருக்கு லண்டன்ல ஒரு படப் பத்திரிகையில 150 பூனையோட இவர்ர பெரிய படம் வந்து பேர் எடுத்திட்டார், ஆனா 1887 தை மாசம் எமிலி செத்துப் போனா.

அந்த முதல் படத்தில பூனையள் நாலு காலிலதான் நிக்குதுகள், உடுப்பும் இல்லை. கோட்டும் ஒத்தைக் கண்ணாடியும் போட்டு ரெண்டு காலில நிக்கிறதெல்லாம் அதுக்குப் பிறகு வந்தது. நான் எண்டால் ரெண்டு விதத்தையும் கலக்க மாட்டன், உங்களுக்குத் தேத்தண்ணிப் பூனை பிடிக்குமெண்டா அந்த விதத்திலயே மூண்டு படம் காணும். கதிரையில இருந்தால் கண்ணுக்கு நேர வாற உயரத்தில மாட்டுங்கோ, ஏனெண்டா அந்தப் படங்களில மூலைக்குள்ள நிக்கிற பூனையள்தான் பெரிய குழப்படிக்காரர், கிட்டப் பாக்க வேணும்.

மாமிக்குச் சொல்லுங்கோ, வங்காளத்தில பிள்ளையளைக் காக்கிற சஷ்டி அம்மனுக்கு வாகனமே பூனைதான்.

வாடைக்காத்து:
கலர் கலரா நெருப்புப் பத்தின மாதிரிப் பூனையும் வெய்ன் கீறினதுதானே, எட்டுப் படம் வரிசையா, அவருக்கு மூளை குழம்பக் குழம்ப பூனையும் மாறுறதைக் காட்டுமாம். அதை வரிசையா மாட்டினா நீளச் சுவருக்குச் சோக்கா இருக்கும்.

பூனைக்காரி:
தம்பி, அந்த வரிசை வெய்ன் வச்ச வரிசை இல்லை. வோல்டர் மக்லே எண்ட மனநோய் வைத்தியர் பழைய சாமான் கடையில கண்டெடுத்துத் தன்ர எண்ணத்துக்கு அடுக்கினது, படங்களில தேதியே கிடையாது. மனநோய் ஆசுபத்திரியில இருக்கேக்கயும் வெய்ன் பழைய மாதிரிப் பூனையளையும் கீறினவர். அவர் காசில்லாமல் 1924இல ஏழையளின்ர வார்ட்டில கிடந்த மனுசன், அடுத்த வருசம்தான் ஆக்கள் அடையாளம் கண்டு காசு சேர்த்து நல்ல இடத்துக்கு மாத்தினவை. கடைசியா இருந்த நாப்ஸ்பெரி ஆசுபத்திரித் தோட்டத்தில பூனையளும் இருந்ததாம், எனக்கு அதை வாசிக்கேக்க மனம் ஆறினது. கலர்ப் பூனை வடிவுதான், ஒண்டை எடுத்துத் தனிய மாட்டுங்கோ, ஆனா நோய்க் கதை சொல்லிச் சுவரில வரிசையா வைக்கிறது எனக்கு விருப்பமில்லை.

வாடைக்காத்து:
ஓம் அக்கா, இது எனக்குத் தெரியாது. நன்றி.

உப்புவெளிப்பிள்ளை:
எல்லாருக்கும் கனக்க நன்றி. மூண்டே படம் எண்டு முடிவெடுத்திட்டன், வாசலுக்கு நேர இல்லாமல் சாப்பாட்டு மேசைப் பக்கம். மூண்டாம்கட்டை அண்ணை, கச்சான் காத்து அடிக்கேக்க புழுதி வாற பக்கம் அது, கண்ணாடிக்குப் பதிலா அக்ரிலிக் போட்டா கீறல் விழுமோ? மாமிக்குச் சஷ்டி அம்மன் கதையைச் சொன்னனான், ஒண்டும் பேசேல்லை, பின்னேரம் என்ர போனை வாங்கித் தேத்தண்ணிப் பூனையைப் பெருப்பிச்சுப் பெருப்பிச்சுப் பாத்துக் கொண்டிருந்தா.

மூண்டாம்கட்டை:
அக்ரிலிக்கைக் காய்ஞ்ச துணியால துடைச்சாத்தான் கீறும். ஈரத் துணியால மெல்ல ஒத்தி எடுங்கோ.