கமரா முதலோ செலவோ? 150,000 கிளிக் எண்டு ஆர் சொன்னது?

சில்லறைக்கணக்கு:
போன கிழமை யாழ்ப்பாணத்தில ஒரு அரைநாள் வகுப்புக்குப் போனன். படம் எடுக்கத் தெரிஞ்ச ஆக்களுக்கு ஸ்ரூடியோ நடத்துற கணக்குவழக்குச் சொல்லிக் குடுக்கிறதெண்டு போட்டிருந்தவை. வகுப்பெடுத்தவர் பலகையில எழுதினது இதுதான்: கலியாணம் ஒண்டுக்கு 2 இலட்சம் வாங்குறம். அல்பம் 45,000. உதவிக்கு வாற பெடியனுக்கு 10,000. பெற்றோல், சாப்பாடு 5,000. மிச்சம் 140,000 இலாபம்.

"அப்ப கமரா?" எண்டு கேட்டன். "கமரா ஒருக்கா வாங்கினால் முடிஞ்சுது தம்பி, அது முதல், செலவில்லை" எண்டார். முழு வகுப்பும் தலையாட்டினது. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

கனன் 5டி மார்க் 4 கமராவின்ர ஷட்டருக்கு, ஒவ்வொரு படத்துக்கும் திறந்து மூடுற அந்தக் கதவுக்கு, கம்பனி சொல்லுற ஆயுள் 150,000 கிளிக். பொன்னுருக்கல், கலியாணம், வரவேற்பு எல்லாம் சேர்த்து 3000 கிளிக் எண்டு வையுங்கோ. 50 கலியாணம். லென்ஸ் இல்லாத கமரா பொடி 6 இலட்சம் எண்டால் ஒவ்வொரு கலியாணத்திலயும் 12,000 ரூபாயைக் கமரா தின்னுது. லென்ஸ், பிளாஷ், லப்டொப் இதுக்குள்ள இல்லை. அந்த 12,000 ஐப் புறம்பா எடுத்து வைக்காதவன் 51 ஆவது கலியாணத்துக்கு லீசிங் கம்பனி வாசலில நிப்பான்.

பழையபிலிம்:
150,000 எண்டு ஆர் தம்பி சொன்னது? என்ர மார்க் 3, 2013 இல வாங்கினது. அதுக்கும் கம்பனி 150,000 தான் சொன்னது. இண்டைக்கு 412,000 கிளிக். இன்னும் வேலை செய்யுது. நேற்றும் சாவகச்சேரியில ஒரு சாமத்தியவீடு எடுத்தனான்.

கம்பனிக்காரன் அடுத்த கமரா விக்கிறதுக்குச் சொல்லுற கணக்கை வேதவாக்கா எடுத்துக்கொண்டு வாறியள். வகுப்பெடுத்தவரை எனக்குத் தெரியும், என்னட்டைத் தொழில் பழகின பெடியன். அவர் சொன்னது சரி. கமரா முதல்.

கோண்டாவிலான்:
ஐயா, 412,000 எண்டுறது ஒரே ஷட்டரோ?

பழையபிலிம்:
கேள்வி கேக்கிறவர் 2019 இல என்னட்டை இரவல் வாங்கின 70-200 லென்ஸை எப்ப தந்தவர், எப்பிடித் தந்தவர் எண்டு முதலில சொல்லட்டும். மாரி முழுக்க மேசை லாச்சிக்குள்ள கிடந்து, உள்கண்ணாடியில பங்கஸ் பிடிச்சுச் சிலந்திவலை மாதிரி வந்தது.

கோண்டாவிலான்:
அந்த லென்ஸில பங்கஸ் முதலே இருந்தது. நான் கேட்டது ஷட்டர்.

மஞ்சள்வெளிச்சம்:
ஒரு கேள்வி. இலாபம் எண்டு எதைச் சொல்லுறியள்? அந்த 140,000 க்குள்ள உங்கட கூலி எங்க? கலியாணம் ஒண்டுக்கு 3000 படத்தில 600 தெரிஞ்செடுத்து, நிறம் திருத்தி, அல்பம் அடுக்க எனக்கு இரவிரவா பத்துநாள் போகுது. அதை வெளியில ஒருத்தரிட்டைக் குடுத்தால் காசு கேப்பார் எல்லோ? எங்கட கையால செய்தால் அதுக்கு விலை இல்லையோ? இதை முடிவெடுக்காமல் 12,000 ஓ, ஐயா சொல்லுற 4 இலட்சம் கிளிக்குக்குப் பிரிச்சால் வாற 4,500 ஓ எண்டு பிடுங்குப்பட்டு என்ன பிரயோசனம்?

பழையபிலிம்:
4,500 எண்டு தம்பி சரியா போட்டிட்டார் பாருங்கோ. 4 இலட்சம் கிளிக்கை 3000 ஆல பிரிச்சால் 133 கலியாணம். 6 இலட்சத்தை 133 ஆல பிரிச்சால் 4,500. 12,000 எங்க, 4,500 எங்க?

மஞ்சள்வெளிச்சம்:
தம்பி இல்லை ஐயா, தங்கச்சி. கூலியைப் பற்றித்தான் கேட்டனான்.

பழையபிலிம்:
மன்னிச்சுக்கொள்ளுங்கோ பிள்ளை. ஆனால் 4,500 சரி.

சில்லறைக்கணக்கு:
4,500 எண்டாலும் அது செலவு தானே ஐயா! "செலவில்லை" எண்டு சொன்ன உங்கட வாயாலயே 4,500 வந்திட்டுது. வருமான வரிச் சட்டத்திலயும், 2017 ஆம் ஆண்டு 24 ஆம் இலக்கச் சட்டத்தில, இந்த மாதிரிச் சாமான்ர பெறுமதியை 5 வருசத்துக்குச் சமமாப் பிரிச்சு வருமானத்தில கழிக்கலாம். அரசாங்கமே தேயுது எண்டு ஒத்துக்கொள்ளுது. நீங்கள் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டியள்.

பழையபிலிம்:
வரி கட்டுற அளவுக்கு உமக்கு உழைப்பு இருக்கோ? 2025 சித்திரையில இருந்து வருசத்துக்கு 18 இலட்சம் வரைக்கும் வரியில்லை. முதலில அந்த 18 ஐத் தாண்டிப்போட்டு வந்து சட்டம் கதையும். 5 வருசமாம். என்ர கமராவுக்கு 5 வருசம் எப்பவோ முடிஞ்சுது, இன்னும் வேலை செய்யுது.

ஸ்காபரோமாமா:
இங்க கனடாவில எண்டால் முதல் ஒப்பந்தம், பிறகுதான் கமரா பையைத் திறக்கிறது. பாதிக் காசு முன்பணம், திருப்பித் தாறதில்லை எண்டு எழுத்தில இருக்கும். உடைஞ்சால், களவு போனால் காப்புறுதி. எங்கட ஆக்கள் ஊரில இன்னும் வாய்ப்பேச்சில தொழில் நடத்திக்கொண்டு கிளிக் எண்ணுறியள். சிரிப்பா இருக்கு.

கோண்டாவிலான்:
மாமா, ஆடிமாதம் நல்லூர்க் கொடியேற்றத்துக்கு வந்திறங்கி "மூண்டு நாளில சாமத்தியவீடு, ட்ரோன் வேணும், திருத்தாத ரோ பைல் முழுக்க வேணும், விலையைக் குறையுங்கோ" எண்டு கேக்கிற ஆக்களும் உங்கட பக்கத்தால தான் வருகினம். அவையிட்டை ஒப்பந்தம் நீட்டினால் "என்ன தம்பி, எங்களை நம்பேலையோ" எண்டு முகத்தைச் சுழிக்கினம். அங்க கையெழுத்து வைக்கிற கைக்கு இங்க என்ன நடக்குது?

ஸ்காபரோமாமா:
நான் அப்பிடிக் கேட்டதில்லை.

கோண்டாவிலான்:
உங்களைச் சொன்னனானோ? தொப்பி அளவா இருந்தால் போடுங்கோ.

முன்பணக் கதை வந்தபடியால் சொல்லுறன். 2021 கடைசியில ஒரு கலியாணம் பேசினன், 2022 ஆவணிக்கு. ஒண்டரை இலட்சம், முன்பணம் 75,000. அந்த 75,000 ஐ ஒரு பிளாஷில போட்டிட்டன். பங்குனியில ரூபாயை மிதக்க விட்டவுடன டொலர் 200 சொச்சத்தில இருந்து 360 க்கு ஏறினது. அல்பத் தாள், மை, மெமரி கார்ட் எல்லாம் வெளிநாட்டுச் சாமான். பேசின விலையைக் கூட்ட ஏலாது, வீட்டுக்காரர் சொந்தம். பெற்றோலைக் கியூ.ஆர். காட்டி அளவா வாங்கின நேரம், ட்ரைபொட்டைச் சைக்கிளில கட்டிக்கொண்டு போனது நான். கடைசியில கைக்காசு போட்டு அல்பம் அடிச்சன். அந்தக் கலியாணத்தில நட்டப்பட்டது கமராவாலயோ, முன்பணம் என்ர காசு எண்டு நினைச்சதாலயோ? கலியாணம் முடியும் மட்டும் அது அவையின்ர காசு. அதைத் தனிக் கணக்கில போட்டு வைக்கிறதைத்தான் அந்த வகுப்பில சொல்லியிருக்கோணும்.

சில்லறைக்கணக்கு:
அது வேற விசயம் அண்ணை. இங்க கதைக்கிறது கமரா செலவோ இல்லையோ எண்டதை.

பழையபிலிம்:
2022 ஐப் பெரிய துன்பம் எண்டு சொல்லுறார். 2006 ஓகஸ்டில யாழ்ப்பாணத்துக்கு வாற ஏ9 பாதை பூட்டினாப்பிறகு இங்க ஸ்ரூடியோ நடத்தினவையிட்டைக் கேளும். கப்பலில வாற சாமானுக்குக் காத்திருந்து, வந்த விலைக்கு வாங்கி வேலை செய்தனாங்கள். அதுக்கு முதல் 36 படம் உள்ள ரோலில ஒரு கலியாணத்துக்கு நாலு ரோல். 144 படம். ஒண்டும் பிழைக்காது. பொம்பிளை மாப்பிளை கண் மூடினால் அது எங்கட பிழை. இப்ப ஒரு தாலிகட்டுக்கு 400 கிளிக் அடிச்சுப்போட்டு ஷட்டர் தேயுதாம். விரலைக் கட்டுப்படுத்தினால் கமரா தேயாது. 3000 எண்டுறது கமராவின்ர பிழையோ, எடுக்கிறவரின்ர பிழையோ?

வெள்ளைச்சமநிலை:
எனக்கு இடையில பூந்து ஒண்டு சொல்லோணும். உள்ளுக்குக் கண்ணாடி இல்லாத இப்பத்தைய மிரர்லெஸ் கமராவில எலெக்ரோனிக் ஷட்டர் போட்டால் இயந்திரம் அசையவே அசையாது. கனன் ஆர்6 க்குக் கம்பனி சொல்லுறது 300,000. சோனி ஏ7 மூண்டுக்கு 200,000. நீங்கள் ரெண்டுபேரும் செத்துப்போன தொழில்நுட்பத்துக்குச் சண்டை பிடிக்கிறியள்.

பழையபிலிம்:
செத்துப்போனதோ? இன்னும் வேலை செய்யுது எண்டு எத்தினை தரம் சொல்லுறது?

சில்லறைக்கணக்கு:
எலெக்ரோனிக் ஷட்டரில மண்டப எல்.ஈ.டி. வெளிச்சத்துக்குக் கீழ படத்தில கோடு கோடா விழும். கலியாண மண்டபத்தில நிண்டு பாத்திருக்கிறீரோ, இல்லாட்டி யூடியூப்பில மட்டுமோ?

வெள்ளைச்சமநிலை:
நான் எங்க நிண்டனான் எண்டு உமக்கென்ன தெரியும்? போன தைமாதம் திருநெல்வேலி மண்டபத்தில உம்மட பிளாஷ் வேலை செய்யாமல் என்னட்டைப் பற்றறி வாங்கினது மறந்துபோச்சோ? நாலு பற்றறி. இன்னும் வரேல்லை.

சில்லறைக்கணக்கு:
பற்றறியை உங்கட தம்பியிட்டைக் குடுத்தனான். அவரிட்டைக் கேளுங்கோ.

மஞ்சள்வெளிச்சம்:
நான் நாலு வருசமா ஒரு கொப்பியில எழுதுறன். வந்த காசு ஒரு பக்கம், போன காசு மற்றப் பக்கம், மூண்டாவது பக்கத்தில நான் இருந்த மணித்தியாலம். பிரதேச செயலகத்தில வியாபாரப் பெயர் பதிஞ்சு, வங்கியில அந்தப் பெயரிலயே கணக்குத் திறந்தாப்பிறகுதான் எனக்கு வெளிச்சது: வீட்டுச் செலவும் தொழில் செலவும் ஒரே பேர்சில இருந்தபடியால்தான் "இலாபம்" எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான். ஆடியிலயும் மார்கழியிலயும் கலியாணம் இல்லை, ஆனால் கடை வாடகையும் கரண்ட் பில்லும் வரும். பன்ரண்டு மாதச் செலவை, வேலை உள்ள மாதங்களுக்குப் பிரிச்சுப் போட்டால்தான் ஒரு கலியாணத்துக்கு எவ்வளவு கேக்கோணும் எண்டு தெரியும். அந்த மூண்டாவது பக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால் என்ர மணித்தியாலக் கூலி மேசனோட வாற கையுதவி ஆளின்ர சம்பளத்திலும் குறைவு. இதைப் பற்றி ஆரும் கதைக்கிறியள் இல்லை.

ஸ்காபரோமாமா:
நல்ல முயற்சி பிள்ளை. கொப்பி வேண்டாம், அதுக்கெண்டு செயலி இருக்கு.

பழையபிலிம்:
கொப்பியே நல்லது. நானும் கொப்பிதான். என்ர கொப்பியிலயும் எல்லாம் இருக்கு. 2013 இல கமரா வாங்கினது, 2017 இல கொழும்பில ஷட்டர் மாத்தினது, எல்லாம் திகதியோட.

கோண்டாவிலான்:
ஆ!

சில்லறைக்கணக்கு:
எல்லாரும் வடிவாப் பாருங்கோ. 2017 இல ஷட்டர் மாத்தினதாம். எத்தினை கிளிக்கில ஐயா?

பழையபிலிம்:
அது திருத்தம். சைக்கிளுக்குச் செயின் மாத்தினால் சைக்கிள் போட்டுதெண்டு அர்த்தமோ?

சில்லறைக்கணக்கு:
எத்தினை கிளிக்கில?

பழையபிலிம்:
150,000 சொச்சம் இருக்கும். இப்ப அதுவே முக்கியம்? மாத்தின ஷட்டர் அதுக்குப் பிறகு ரெண்டரை இலட்சம் ஓடியிருக்கு. கம்பனி சொன்ன 150,000 அங்கயும் பிழை. நான் சொன்னதுதான் சரி.

கோண்டாவிலான்:
கொழும்பில மாத்தின காசு கொப்பியில எந்தப் பக்கம் ஐயா? முதல் பக்கமோ, செலவுப் பக்கமோ?

பழையபிலிம்:
உம்மட 70-200 பங்கஸ் துடைச்ச காசுக்குப் பக்கத்தில.

வெள்ளைச்சமநிலை:
பற்றறி நாலு. தம்பியிட்டைக் கேட்டன். அவர் உம்மைத் தெரியாதாம்.

ஸ்காபரோமாமா:
ஆவணியில ஊருக்கு வாறன். மகளுக்குச் செய்யோணும். ஆர் நியாயமான விலைக்கு எடுப்பியள்?

மஞ்சள்வெளிச்சம்:
முன்பணம் பாதி, ஒப்பந்தம் எழுத்தில. நீங்கள் சொன்ன மாதிரியே மாமா.

ஸ்காபரோமாமா:
பிள்ளை, எங்களுக்குள்ள ஒப்பந்தம் எல்லாம் எதுக்கு?

பழையபிலிம்:
என்னட்டைக் கதையுங்கோ தம்பி. உள்பெட்டியில இலக்கம் போட்டிருக்கிறன். கமரா இன்னும் வேலை செய்யுது.