புதுப்பிப்பு: நேரடி மாறியா, கெட்டர் செட்டரா?

முன்பு கேட்டிருந்தது இதுதான்: ஜாவா நிரல்மொழியில் 'கணக்கு' கிளாஸில் இருக்கும் 'இருப்பு' மாறியை பப்ளிக்காக (வெளியிலிருந்து யாரும் நேரடியாகத் தொடும்படி) விடலாமா, இல்லை கெட்டர் (மதிப்பைப் படித்துத் தரும் மெத்தட்), செட்டர் (மதிப்பை மாற்றும் மெத்தட்) எழுதியே ஆக வேண்டுமா? பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

மாறியை பிரைவேட் (கிளாஸுக்குள் மட்டும் தொடக்கூடியது) ஆக்கிவிட்டேன், கெட்டர் மட்டும் வைத்தேன். செட்டர் வேண்டாம் என்பதில் உறுதியாக இருக்கிறேன். இருப்பு = -500 என்று எங்கிருந்தும் எழுத முடிவதுதான் சிக்கல் என்றால், எதையும் சோதிக்காத செட்டரும் அதற்குத்தானே வழிவிடுகிறது! இப்போது 'பணம்எடு' மெத்தட் தொகையைச் சரிபார்த்த பிறகே இருப்பைக் குறைக்கிறது.

பைத்தானில் கதை வேறு. சாதாரண மாறியாகவே தொடங்கலாம். பிறகு சோதனை தேவைப்பட்டால் @ப்ராப்பர்ட்டி (மாறி போலவே எழுதினாலும் பின்னால் மெத்தடை ஓட வைக்கும் குறி), அதோடு அதன் செட்டரும் போட்டால் போதும், கணக்கு.இருப்பு என்று எழுதிய மற்ற நிரல் வரிகள் அப்படியே ஓடும். ஜாவாவில் மாறியை மெத்தடாக மாற்றினால், அதை வெளியிலிருந்து தொடும் ஒவ்வொரு வரியையும் திருத்த வேண்டும். அங்கே முதலிலேயே கெட்டர் எழுதும் பழக்கம் வந்தது இதனால்தான்.

அப்புறம் ஒன்று: பைத்தான் செட்டருக்குள் செல்ஃப்.இருப்பு = தொகை (செல்ஃப் என்றால் அந்தக் கணக்கு ஆப்ஜெக்ட்டே) என்றே எழுதினால், அது தன்னையே திரும்பத் திரும்ப அழைத்து ரிகர்ஷன் எர்ரரில் போய் நிற்கும். உள்ளே செல்ஃப்._இருப்பு என்று வேறு பெயரில் நேரடியாகத்தான் தொட வேண்டும்.