பேட்ஜ் இல்லாத பழைய ரோட்ஸ்டர் ஃபிரேம்: எந்தக் கம்பெனி?

ஜெலுத்தோங் வாசி:
பினாங்கு லோரோங் குலிட் பழைய பொருள் சந்தையில் கிடைத்த ஆம்பளை சைக்கிள் ஃபிரேம், ஃபோர்க்கோடு. ஹேண்டில் நுழையும் முன்குழாயில் மேலும் கீழுமாக இரண்டு ஆணித் துளைகள் மட்டும், பேட்ஜ் (கம்பெனிச் சின்னத் தகடு) இல்லை. கேட்டுக்கு அடிக்கிற பச்சைப் பெயிண்ட் கெட்டியாக இருக்கு. பின்சக்கரத்தில் ஸ்டர்மி ஆர்ச்சர் ஏ.டபிள்யூ. ஹப் (மூன்று கியர் உள்ளது), "58 6" என்று முத்திரை. செயின்வீல் வேறு எதிலிருந்தோ மாட்டியது. பாட்டம் பிராக்கெட் கூட்டின் (பெடல் ஆக்சில் ஓடும் குழாய்) அகலம் 71 மி.மீ. விற்றவர் இங்கிலாந்து ராலே கம்பெனி என்கிறார். எப்படி உறுதி செய்வது?

செந்தூல் பட்டறை:
ஹப்பை வைத்து முடிவு கட்டாதீங்க. 58 6 என்பது 1958 ஜூன், அது ஹப் செய்த மாதம். ஸ்டர்மி ஆர்ச்சர் ஹப் பல கம்பெனி சைக்கிள்களில் வந்தது, சக்கரமும் மாறியிருக்கலாம். உருவத்தையும் நம்ப முடியாது. இந்திய, சீன ரோட்ஸ்டர்கள் அதே இங்கிலாந்து அச்சுதான்.

கூட்டுக்குள் இருக்கும் திருகு மரையைப் பாருங்க. பழைய ராலே கூட்டில் அங்குலத்துக்கு 26 மரை, மற்ற இங்கிலாந்து ஃபிரேம்களில் பெரும்பாலும் 24. விட்டம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால் கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும். கூட்டின் இரு பக்கமும் திருகியிருக்கும் பேரிங் கப்பைக் கழற்றி, வெர்னியரில் 10 மரையின் நீளம் எடுங்க: 9.8 மி.மீ. என்றால் 26, 10.6 என்றால் 24. கூட்டின் அகலமும் உதவும்: ராலேயில் 71 அல்லது 76, சாதாரண இங்கிலாந்துக் கூட்டில் 68.

செயின் பக்கத்துக் கப் இடது மரை, வலப்பக்கம் சுற்றினால்தான் கழலும். அதற்கு முன் காட்டர் பின்னை (பெடல் கையை ஆக்சிலோடு பிடிக்கும் ஆப்பு) எடுக்கணும்; சுத்தியலால் அடிக்காதீங்க, ஜி-கிளாம்பில் அழுத்தி எடுங்க. அடிக்கிற அடி ஆக்சிலிலும் கப்பிலும் இறங்கும்.

ஜெலுத்தோங் வாசி:
நன்றிண்ணே. 10 மரை 9.8 மி.மீ. வருது. அப்போ ராலேதானே?

பட்டர்வொர்த் ரோட்ஸ்டர்:
ராலே குழுமத் தயாரிப்பு என்பது வரை சொல்லலாம். பெயர் இன்னும் தெரியாது. ஹம்பரை ராலே 1932இல் வாங்கியது, ரட்ஜை 1943இல், பி.எஸ்.ஏ. சைக்கிள் பிரிவை 1957இல். 1960இல் ராலே டி.ஐ. (டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ்) குழுமத்தோடு சேர்ந்த பிறகு ஃபிலிப்ஸ், ஹெர்குலிஸ் பெயர்களும் ஒரே கூரைக்குக் கீழ் வந்தன. மரை குழுமத்தைத்தான் காட்டும், பெயரை அல்ல.

பெயருக்கு ஃபோர்க்கைப் பாருங்க. ஒவ்வொரு பக்கமும் இரட்டைக் குழாயாக இருந்தால் ஹம்பர். கிரீடத்தின் (ஃபோர்க் கால்கள் சேரும் மேல்பகுதி) இரு தோளும் உருண்டையாகக் குழாய் போலத் தெரிந்தால் ராலே வழக்கம். ஃபோர்க்கும் ஃபிரேமும் ஒன்றாகப் பிறந்தவையா என்று பார்க்க, இரண்டிலும் அடிப் பெயிண்ட் அடுக்குகள் ஒத்துப்போகணும்.

அதற்கு முன்குழாயில் 600 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, 2 செ.மீ. அளவு மட்டும் மெதுவாகத் தேயுங்க. நிறம் மாறும்போது நிறுத்துங்க. பேட்ஜ் ஒட்டியிருந்த இடத்தில் பழைய பெயிண்ட்டின் ஓரம் ஒரு கோடாகத் தெரியும். அந்த வடிவமும் இரண்டு துளைகளின் நடு இடைவெளியும்தான் பெயருக்குச் சாட்சி. சரிபார்க்க, பாசிக்கல் துவா (பழைய சைக்கிள்) வைத்திருப்பவர்களிடம் அசல் பேட்ஜோடு உள்ள சைக்கிளில் அதே அளவு எடுங்க. கீழ்க்குழாயிலும் இருக்கைக் குழாயிலும் தின்னர் படவே கூடாது. பச்சைக்குக் கீழே எழுத்து மிஞ்சியிருந்தால் அதுவும் சேர்ந்து கரைந்துவிடும்.

ஃபிரேம் எண் இருக்கை லக்கின் (குழாய்கள் சேரும் மூட்டு) பின்புறம் அல்லது கூட்டின் அடியில் இருக்கும், சிலவற்றில் பின் டிராப்அவுட்டில் (பின்சக்கர ஆக்சில் உட்காரும் இடம்). பெயிண்ட் குழிகளை மூடியிருந்தால் பித்தளை பிரஷ் போதும். சுத்தம் செய்ததும் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் படம் எடுங்க, அல்லது மெல்லிய தாள் வைத்துப் பென்சிலால் தேயுங்க. இது எல்லாம் முடியும் வரை சேண்ட்பிளாஸ்ட் பேச்சே வேண்டாம்.

செந்தூல் பட்டறை:
ஒன்று சேர்த்துச் சொல்றேன். பழைய கப்பைத் தூக்கிப் போடாதீங்க, 26 மரைக் கப் லேசில் கிடைக்காது. கடையில் 24 மரைக் கப்பை ஏற்றப் பார்ப்பார்கள்; இரண்டு மூன்று சுற்று போய் இறுகும், மேலே திருகினால் கூட்டின் மரை பிய்யும். 24க்கு டேப் (மரை வெட்டும் கருவி) போட்டாலும் பழைய மரை மேல் புது மரை குறுக்கே விழும், பிடிப்பு குறையும். கப்பில் குண்டு ஓடும் பாதையில் குழி இல்லை என்றால் பக்கத்துக்கு 11 கால் அங்குலக் குண்டுகள், புது கிரீஸ், அவ்வளவுதான்.