கறிவேப்பிலைப் புழுக்கள் கூடு கட்டும் முன்பே கறுத்து இறக்கின்றன

கடலூர் தேவனாம்பட்டினம் பக்கத்தில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் கற்பிக்கிறேன். பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சியை மாணவர்கள் நேரில் காண்பதற்காக, கறிவேப்பிலைக் கன்றிலிருந்து எலுமிச்சை அழகி வண்ணத்துப்பூச்சியின் 11 முட்டைகளை இலையோடு எடுத்து வந்து வகுப்பறையில் வைத்தோம். நான்காம் நாள் எல்லாம் பொரிந்தன. பறவை எச்சம் போலிருந்த புழுக்கள் தோலுரித்துப் பச்சை நிறத்துக்கும் வந்துவிட்டன. தொட்டதும் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் கொம்பை நீட்டி அவை நாற்றம் பரப்புவதைக் காண, மணியடித்த பிறகும் பிள்ளைகள் வீட்டுக்குப் போவதில்லை.

ஆனால் பச்சைப் பருவத்தின் மூன்றாம் நாளிலிருந்து, இலை தின்பதை நிறுத்தி, நீராகக் கழிந்து, உடல் தொளதொளத்துக் கறுத்து, இதுவரை ஏழு புழுக்கள் இறந்துவிட்டன.

முதலில் சந்தை இலையைக் கொடுத்தது என் தவறுதான். அதில் பூச்சிமருந்து இருக்கலாம் என்று, இரண்டாவது புழு இறந்ததும், மருந்தே அடிக்காத வீட்டு மரத்து இலைக்கு மாறினேன். துளையிட்ட பிளாஸ்டிக் டப்பாவிலிருந்து கொசுவலை கட்டிய அட்டைப்பெட்டிக்கு மாற்றியதோடு, எச்சத்தை இருவேளையும் அகற்றுகிறோம். இலையைக் கழுவி ஈரத்தோடுதான் இடுகிறோம். கடலோரப் புழுக்கமும் அறையில் அதிகம். எஞ்சிய நான்கும் இப்போதும் ஒரே பெட்டியில்தான் இருக்கின்றன.

அவற்றைக் காப்பாற்ற, தனித்தனியாகப் பிரித்து ஈரமில்லாத இலை கொடுத்தால் போதுமா, அல்லது கன்றிலேயே வலை கட்டி விட்டுவிட வேண்டுமா?