பழைய ரோலண்ட் ஸ்பேஸ் எக்கோ: சத்தம் ஆடுகிறது, நானே திருத்தலாமா?

வடமராட்சி கிட்டார்:
வணக்கம். கனடாவில் இருக்கும் மாமா தன்னுடைய பழைய ரோலண்ட் ஆர்.இ. 201 எக்கோப் பெட்டியை (கிட்டார் சத்தத்தை ரேப்பில் பதிந்து எதிரொலியாகத் திருப்பிக் கொடுப்பது) கப்பலில் வந்த சாமான்களோடு அனுப்பிவிட்டார். பின்பக்கம் 117 வோல்ட் என்று அடித்திருக்கிறது, அதனால் சுவரில் நேரே செருகாமல் பக்கத்து வீட்டு அண்ணையிடம் வோல்டைக் குறைக்கும் ஸ்ரெப் டவுன் ஒன்று இரவல் வாங்கிப் போட்டேன். எக்கோ சேராத நேர்ச்சத்தம் சுத்தம். எக்கோ மட்டும் தண்ணீருக்குள் இருந்து பாடுவது போல ஆடுகிறது, மங்கலும் கூட. அதைவிட விசித்திரம், ஒரு தந்தியைத் தட்டிவிட்டுச் சும்மா இருந்தால், எக்கோ எல்லாம் அடங்கின பிறகு அதே சத்தம் மெல்லிசாக மறுபடியும் வருகிறது. மூடியைக் கழற்றினால் ரேப் ஓடும் இடமெல்லாம் மண்ணிறத் தூள். ஒரு கடையில் கேட்டேன், டிஜிட்டல் பெடல் ஒன்று வாங்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். நானே இறங்கலாமா?

சவுண்ட்காரன்:
தாராளமாக இறங்கலாம் தம்பி, ஆனால் சோல்டர் இரும்பை இப்போதைக்கு அலுமாரிக்குள் வை. இந்தப் பெட்டி 1974இல் வந்தது, பாதி மின்சாரம் பாதி மெக்கானிக்கு, நீ சொல்லும் மூன்று குறையும் மெக்கானிக் பக்கத்தில் இருந்தே வரலாம். உள்ளே ஓடுவது கால் அங்குல அகல ரேப்பில் செய்த ஒரே வளையம். அழிக்கும் ஹெட், பதியும் ஹெட், அப்புறம் வாசிக்கும் ஹெட் மூன்று. அழிக்கும் ஹெட்டில் தூள் படிந்தால் பழைய சத்தம் முழுதாக அழியாது, வளையம் ஒரு சுற்று முடிந்து வரும்போது அதுதான் உன்னுடைய "பேய்ச்சத்தம்". ஹெட்டைத் துடைத்தும் அது போகவில்லை, பதிவும் மெலிவாகவே இருக்கிறது என்றால் அப்ப ஹெட்டுகளுக்கு உயர் அதிர்வெண் கரண்ட் கொடுக்கும் பயஸ் ஒஸிலேற்றர் சேர்க்கிட்டைச் சந்தேகப்படலாம், ஏனென்றால் அழிப்பதற்கும் பதிவதற்கும் அதே ஒன்றுதான் கரண்ட் கொடுக்கிறது.

முதலில் மோட் குமிழை 12இல் வை. அதில் ஸ்பிரிங் றிவேர்ப் (சுருள் கம்பியால் வரும் மண்டப முழக்கம்) மட்டும்தான், ரேப்புக்கு வேலை இல்லை. அது நன்றாக இருந்தால் முன் பகுதி சுகம். பிறகு 1, 2, 3 என்று ஒவ்வொன்றாகக் கேள், அவை வாசிக்கும் ஹெட் ஒவ்வொன்றையும் தனித்தனியே காட்டும். மூன்றும் மங்கல் என்றால் ரேப் அல்லது பதியும் ஹெட். ஒன்று மட்டும் என்றால் அந்த ஹெட்.

கரண்ட் விஷயம்: இங்கே 50 ஹேர்ட்ஸ், கனடாவில் 60. மோட்டர் டிசி என்பதால் வேகம் மாறாது, பயப்படாதே. இரவல் ஸ்ரெப் டவுனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு 110 வெளிவரும் ஒன்றைச் சொந்தமாக வாங்கி, அந்தப் பெட்டியோடேயே கட்டி வை. கச்சேரி அவசரத்தில் யாராவது ஒருவர் 230இல் செருகுவார், அது நிச்சயம்.

பழைய றேடியோ:
மேலே அண்ணை சொன்னதோடு ஸ்பிரிட் பற்றி ஒரு வார்த்தை. பாமசியில் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் என்று கொடுப்பதில் சிலவற்றுக்குள் எண்ணெய் கலந்திருக்கும். ஒரு துளியைக் கண்ணாடியில் விட்டுக் காயவிடுங்கள், காய்ந்த இடத்தில் விரல் வழுக்கினால் ஹெட்டுக்கு வேண்டாம். ஐசோபுரோபைல் அல்ககோல் கிடைத்தால் அதுதான். பஞ்சுக்குச்சியில் தொட்டு, மண்ணிறம் வருவது நிற்கும்வரை ஹெட், ரேப்பை இழுக்கும் கப்ஸ்ரன் தண்டு, ரேப் தொடும் வழி எல்லாம் துடையுங்கள். ரேப்பை அந்தத் தண்டோடு அழுத்தும் றப்பர் றோலருக்கு மட்டும் அல்ககோல் வேண்டாம், றப்பர் காய்ந்து வெடிக்கும், சவர்க்காரத் தண்ணீர் போதும். நகத்தால் அழுத்திப் பாருங்கள். கண்ணாடி மாதிரி மினுங்கி இறுகியிருந்தால் ஆட்டத்துக்குக் காரணம் பெரும்பாலும் அதுதான், துடைத்துப் பயனில்லை, மாற்ற வேண்டும்.

ரேப்பும் புதிதாகப் போடுங்கள். வீட்டில் கிடக்கும் கசட்டை உடைத்து ஒட்டலாம் என்று ஒருவர் கட்டாயம் சொல்லுவார்: கசட் ரேப் 3.81 மில்லிமீற்றர், இதற்கு வேண்டியது 6.35. ஒட்டும்போது சாய்வாக வெட்டி, அதற்கென்று விற்கும் ஒட்டு நாடாவையே பாவியுங்கள். சாதாரண செலோரேப்பின் பசை எங்கள் வெயிலுக்கு உருகி ஹெட்டில் ஒட்டும்.

வடமராட்சி கிட்டார்:
நன்றி அண்ணைமார். துடைத்தேன், பஞ்சு தேயிலைச் சாயம் போல வந்தது. பேய்ச்சத்தம் போய்விட்டது. றோலர் இறுகித்தான் இருக்கிறது, மாமாவிடமே தேடி வாங்கச் சொல்லியிருக்கிறேன். 12 சுத்தம். 1உம் 2உம் நல்லது, 3 மட்டும் இன்னும் மங்கல்.

சவுண்ட்காரன்:
அப்ப ரேப்பும் பதியும் ஹெட்டும் குற்றவாளி இல்லை. கரண்டைக் கழற்றிவிட்டு மூன்றாவது ஹெட்டின் முகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார், ரேப் போகும் இடத்தில் நகம் தடக்கும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் தேய்ந்துவிட்டது. இல்லையென்றால் அதற்குப் பின்னால் வரும் வயரின் சோல்டர் ஒட்டைப் பார். சாம்பல் நிறமாக, சுற்றி மெல்லிய வெடிப்போடு இருந்தால் இப்போது அலுமாரியில் இருந்து இரும்பை எடுக்கலாம். ஹெட்டில் ஏறிய காந்தத்தை நீக்கும் டீமக்னடைசர் யாரிடமாவது இருந்தால் அதையும் ஒருமுறை காட்டு, பெட்டி ஓஃப், ரேப்பைக் கழற்றித் தள்ளி வை, ஹெட்டில் இருந்து மெதுவாக டீமக்னடைசரைத் தூர எடுத்த பிறகுதான் அதன் சுவிச்சை அணைக்க வேண்டும். பக்கத்தில் வைத்தே அணைத்தால் இருந்ததைவிடக் கூடக் காந்தம் ஏறும்.

பழைய றேடியோ:
வீடு கடற்கரைப் பக்கம் என்றால் சோளகக் காற்று தொடங்க முன்னம் ஒரு உறையும் தைத்துப் போடுங்கள். உப்புக்காற்றில் கப்ஸ்ரன் தண்டு கறள் பிடித்தால் அதற்குப் பிறகு எந்த றோலர் போட்டாலும் ஆடும்.